அது ஷீல்டு சைஸ் இல்ல

அது ஷீல்டு இல்ல. ஷீல்டுன்னா டப்பா தட்டையா இருக்கும், நிக்க வெச்சா சாஞ்சிடும், அதனால எப்பவும் படுக்கப் போட்டுத்தான் வெப்பாங்க. மேஜைக்கு அடியில இருக்கறது நல்லா குண்டா, சதுரமா, சம்மணம் போட்டு உக்காந்துக்கினு இருக்குது. மேஜை மேல விரிச்ச பச்சைத்துணி தரை வரைக்கும் எட்டல, அதான் பாதி தெரியுது. வெள்ளித்தாளு சுத்தி, மேல ரோஸ் கலர்ல ரிப்பன் பூ வேற. மேடையில நான் இந்த ஓரத்து நாற்காலி, எனக்கு அடுத்து தலைவர் டில்லிபாபு, அவனுக்கு அடுத்த நாற்காலி காலி, ஏன்னா அதுல உக்காந்திருந்த சீஃப் கெஸ்ட், ரிட்டயர்டு தாசில்தார், மைக்கைப் புடிச்சிட்டாரு. புடிச்சவரு விடற மாதிரி தெரியல. இளைஞர்கள்தான் நாட்டோட தூணுன்றாரு. எங்க சந்துல தூணுக்கு எங்க சார் எடம், ரெண்டு பைக் எதிரெதிரா வந்தா ஒருத்தன் பின்னாடி தள்ளிக்கினு போவணும். நான் முதுகை நிமித்தி, சிரிச்ச மூஞ்சியா வெச்சிக்கினு இருக்கேன், விருது வாங்கப் போறவ மூஞ்சி அப்டித்தான இருக்கணும். கண்ணு மட்டும் சொன்ன பேச்சு கேக்காம கீழ கீழ போவுது. எனக்குப் பின்னாடி பேனரு. இளந்தளிர் இளைஞர் நற்பணி மன்றத்தின் சிறந்த தலைமைக்கும் சேவைக்குமான விருது பெறும் எங்கள் செயலாளர் செல்வி ஜான்சிராணி அவர்களை வாழ்த்துகிறோம். எழுத்தெல்லாம் சோக்கா இருக்குது. அந்த போட்டோ இருக்குதே, அதுதான் இடிக்குது. நான் ஜெர்சி போட்டு, விசிலு கழுத்துல மாட்டி, புள்ளைங்க கூட நிக்கிற போட்டோ ஆயிரம் இருக்குது மன்றத்து போன்ல. பேனர்ல வந்திருக்கறது அது இல்ல. மாம்பழக் கலர் பொடவை, தோள் மேல மல்லிப்பூ தெரியற மாதிரி தலையைச் சாச்சு, ஸ்டூடியோவுல எடுத்தது. அம்மா புடிச்சி இழுத்துக்கினு போயி எடுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்றதுக்குன்னே எடுத்தது. அந்த போட்டோ எங்க வீட்டு பீரோவைத் தவிர வேற எங்கயும் இல்ல.

ஒண்ணு தெரிஞ்சிக்கணும். எங்க மன்றத்துல ஒரு வழக்கம் இருக்குது, எவனும் எழுதி வெக்கல, எவனும் மீறனதும் இல்ல. ஆம்பளப் பசங்களைப் பாராட்டினா ஷீல்டு. பொண்ணுங்களைப் பாராட்டினா குக்கர். பொண்ணுங்களை எப்பப் பாராட்டுவாங்கன்னா, கல்யாணம் நிச்சயம் ஆனா பாராட்டுவாங்க. அதுக்கு முன்னாடி அது முட்டி ஒடைஞ்சு கோல் போட்டாலும், வெள்ளத்துல இடுப்பளவு தண்ணில பால் பாக்கெட்டு தூக்கிக்கினு போனாலும், ஒருத்தனும் மேடை போட மாட்டான். கல்யாணம்னு சொன்னா போதும், பந்தல் என்ன, மைக்கு என்ன, எங்கள் மன்றத்தின் சிங்கப்பெண் என்ன. நாலு வார்த்தை பேசி, கையில அஞ்சு லிட்டர் குக்கரைக் குடுத்து, போயிட்டு வாம்மான்னு அனுப்பி வெப்பாங்க. போனவ போனவதான். பசங்க அப்டி இல்ல. பசங்களுக்குக் கல்யாணம் ஆனா மன்றத்துக்கு ஒண்ணும் ஆவாது. டில்லிக்கு ரெண்டு புள்ள, மூத்தது ஸ்கூலுக்குப் போவுது, தொப்பை சட்டைக்குள்ள அடங்க மாட்டேங்குது, இன்னும் அவன்தான் இளைஞர் மன்றத் தலைவர். அந்தக் குக்கரெல்லாம் யாரு வாங்கினது? நான்தான். செயலாளர் இல்ல? மெயின் ரோட்டுல இருக்கிற பாத்திரக்கடைக்குப் போனாலே கடைக்காரரு முத்தையா என்னைப் பாத்துட்டு ஏணியை எடுத்துடுவாரு. குக்கர் மேல பரண்ல இருக்கும். இந்த வாட்டி யாருக்கும்மான்னு கேப்பாரு, நான் பேரு சொல்லுவேன், அவரும் நல்லா இருக்கட்டும்பாரு. அந்த டப்பாவோட நீளம் அகலம் என் கைக்குத் தெரியும். இருட்டுல குடுத்தாலும் சொல்லுவேன்.

எனக்கு சந்தேகபுத்தின்னு அண்ணன் சொல்லுவான். ஆமா, சந்தேகப்படறதுக்குத்தான் எனக்கு சம்பளமே. புரசைவாக்கத்துல பெரிய துணிக்கடை, அதுல டிரையல் ரூம் வாசல்ல நிக்கிறேன். உள்ள எத்தினி எடுத்துக்கினு போறாங்க, எத்தினி வெளிய வருது, அதான் வேலை. துணியைப் பாத்து ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாது, மூஞ்சிய பாக்கணும். ஒண்ணை ஒளிச்சி எடுத்தவ என்னை நேராப் பாத்து சிரிப்பா. எடுக்காதவ பாக்கவே மாட்டா, அவ பாட்டுக்குப் போவா. அப்டிப் பாத்தா இன்னிக்கு இந்தத் தெருவுல பாதிப் பேரு என்னை நேராப் பாத்து சிரிக்கிறாங்க. மொத வரிசையில எங்கம்மா. பட்டுப்பொடவை. எங்கம்மா பட்டு கட்டி நான் பாத்தது அண்ணன் கல்யாணத்துல, அதுக்கப்புறம் இன்னிக்கு. சாயங்காலம் அவங்க பீரோவைத் தொறந்தப்பவே கேட்டேன், எதுக்கும்மா இது, தெருவுல நாற்காலி போட்டு நடக்கிற ஃபங்ஷன்தானன்னு. எனக்குப் பதில் சொல்லாம, நீயும் பொடவை கட்டுன்னாங்க. ஊக்கு குத்தும்போது ரெண்டு வாட்டி என் கன்னத்தைத் தொட்டாங்க. எங்கம்மா கன்னத்தைத் தொடற ஆள் கெடையாது, தலையில தட்டற ஆளு. அவங்க பக்கத்துல அண்ணன் தாமு. அவன் ஷேவ் பண்ணிட்டு இஸ்திரி போட்ட வெள்ளை சட்டையில வந்திருக்கான். சட்டையில மடிப்பு கூட கலையல. மூணாவது வரிசையில ஒரு புருஷன் பொண்டாட்டி, நம்ம தெரு இல்ல, பக்கத்துத் தெருவும் இல்ல. அந்தம்மா உக்காந்ததுலேருந்து என்னைத் தலையிலேருந்து கால் வரைக்கும் பாத்துக்கினே இருக்காங்க. பாத்துட்டு வூட்டுக்காரர் காதுல இன்னாவோ சொல்றாங்க. அவரு கண்ணாடியை மாட்டிக்கினு திரும்பப் பாக்கறாரு. கம்முனு இருடின்னு எனக்கு நானே சொல்லிக்கறேன், யாரோ ஃபங்ஷன் பாக்க வந்தவங்க. எங்க தெரு ஃபங்ஷனை அடுத்த தெருக்காரனே பாக்க மாட்டான், இவங்க எங்கேருந்து வந்தாங்க?

இடுப்புல ஊக்கு குத்துது. நகந்தா இன்னும் குத்துது. மைக்கு ஒரு தடவ ஊளையிட்டுச்சு, தாசில்தார் அதைத் தட்டிட்டு எங்க விட்டேன்னு கேட்டாரு, யாரும் சொல்லல, அவரே ஒரு எடத்துலேருந்து ஆரம்பிச்சிட்டாரு. இந்தப் பெண்மணியின் சேவைன்றாரு. சேவை இன்னான்னு அவருக்கு இன்னா தெரியும், டில்லி ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருப்பான். நான் சொல்றேன் கேளு. கார்ப்பரேஷன் கிரவுண்டுல பொண்ணுங்க காலை வெச்சது யாரால? காலைல பெருசுங்க வாக்கிங்கு, பகல்ல ரம்மி, சாயங்காலம் கிரிக்கெட்டு, பொண்ணுங்க ஃபுட்பால் ஆட எடம் கேட்டா, வேலி ஓரமா நில்லுங்கம்மா, பந்து வந்தா எடுத்துப் போடுங்கன்னானுங்க. சண்டை போட்டு, மனு போட்டு, மறுபடி சண்டை போட்டு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஒரு மணி நேரம் எங்களுதுன்னு வாங்கினேன். கிரவுண்டு கெடைச்சப்புறம் பொண்ணுங்க இல்ல. வீடு வீடாப் போயி கேட்டேன், உங்க பொண்ணைக் குடுங்கன்னு, என்னமோ மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி. ஒவ்வொரு வீட்டுலயும் டீ. சக்கரைப் பாகு மாதிரி டீ. குடிச்சி முடிக்கிற வரைக்கும் பாக்கலாம்மா பாக்கலாம்மான்னுவாங்க, குடிச்சதும் அவங்கப்பா ஒத்துக்க மாட்டாருன்னுவாங்க. மறுநாள் அப்பா இருக்கிற நேரமாப் போவேன், இன்னொரு டீ. இப்ப மொத வரிசையில ஓரமா ஜெர்சி போட்டுக்கினு உக்காந்திருக்குதுங்களே, அத்தினியும் டீ குடிச்சி சேத்த புள்ளைங்க. அதுல கடைசியில பெனிட்டா, எங்க கோல்கீப்பரு, பன்னெண்டாவது முடிச்சிட்டு காலேஜு சேந்திருக்குது, நகத்தைக் கடிச்சிக்கினு குனிஞ்சிக்கினு இருக்குது. எப்பவும் என்னைப் பாத்தா கையாட்டும். இன்னிக்கு ஆட்டல.

பெனிட்டாகிட்டதான் சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லல. வர்ற ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கு எலெக்‌ஷன், எலெக்‌ஷன்னா பேருக்குத்தான், டில்லி எழுந்து நிப்பான், எல்லாரும் கை தூக்குவாங்க, டீ பிஸ்கட் குடுப்பாங்க, முடிஞ்சிச்சு. இந்த வாட்டி நானும் எழுந்து நிக்கப் போறேன்னு சொன்னேன். பொண்ணு தலைவரா இருந்ததே இல்லியேக்கான்னுச்சு. அதனாலதான்டின்னேன். அது மூஞ்சி அப்டியே மலந்து போச்சு. மலந்துச்சா, இல்ல நான்தான் அப்டிப் பாத்தேனா? இப்ப யோசிச்சா அது எங்கயோ வேற பக்கம் பாத்துக்கினு சரிக்கான்ன மாதிரி இருக்குது. பெனிட்டாவோட அண்ணன் டில்லியோட தோஸ்து. தண்ணி லாரி வந்தா ரெண்டு பேரும்தான் ஓஸ் புடிப்பானுங்க. அது அண்ணன்கிட்ட சொல்லி, அண்ணன் டில்லிகிட்ட சொல்லி, டில்லி ராத்திரி பூரா யோசிச்சிருப்பான். ஜான்சியை எதிர்த்து நின்னா அசிங்கம், பொண்ணுகிட்ட தோத்தா அதைவிட அசிங்கம். அப்ப இன்னா பண்ணலாம்? விருதுன்னு மேடை போட்டு, குக்கரைக் குடுத்து அனுப்பிடலாம். அதான, நான் பெனிட்டாகிட்ட சொன்ன மூணு நாள்லதான் விருதுப் பேச்சே கெளம்பிச்சு. ஜான்சி, இவ்ளோ வருசமா உழைச்சிருக்க, உனக்கு நாங்க ஒண்ணுமே பண்ணலியேன்னு டில்லி வந்து நின்னப்ப நான் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். என் காசுல. எவ்ளோ முட்டாளா இருந்திருக்கேன் பாரு.

அந்த மூணாவது வரிசை அம்மா இப்ப எழுந்து நின்னு கும்புடறாங்க. யாரைப் பாத்துக் கும்புடறாங்க? வூட்டுக்காரரும் எழுந்து கும்புடறாரு. தாசில்தார் மைக்குல சொல்லிக்கினு இருக்காரு, என் சம்பந்தி வீட்டுக்காரங்க, செங்கல்பட்டுலேருந்து வந்திருக்காங்க, வீட்டுல சும்மா உக்காந்திருப்பானேன்னு கூட்டிக்கினு வந்தேன்னு. ஜனங்க கை தட்டுது. நானும் தட்டறேன். அடச்சீ, இவ்ளோதானா. உடம்பு லேசான மாதிரி இருந்துச்சு, ஆனா எவ்ளோ நேரம்? கை தட்டி முடிக்கிறதுக்குள்ள அண்ணன் ஞாபகம் வந்துடுச்சு. போன வாரம் நான் வேலை முடிஞ்சி பஸ்ஸை விட்டு எறங்கி வரேன், டீக்கடை பெஞ்சுல அண்ணனும் டில்லியும். என்னைப் பாத்ததும் பேச்சு நின்னுச்சு. நான் கிட்டப் போறேன், டில்லி கிளாஸைக் கீழ வெச்சிட்டு, சரி தாமு பாத்துக்கலாம்னு கெளம்பிட்டான். இன்னாடா பாத்துக்கலாம்? அண்ணன்கிட்ட கேட்டதுக்கு ஒண்ணுமில்லம்மான்னான். என் அண்ணன் என்னை அம்மான்னு கூப்பிட்டா எதையோ மறைக்கிறான்னு அர்த்தம், சாதாரணமா எருமைன்னுதான் கூப்பிடுவான். போட்டோ அன்னிக்குத்தான் கை மாறியிருக்கும். ஒரு போட்டோ மட்டும்தானா? வீட்டுல எனக்குத் தெரியாம எவனோ வந்து பேசிட்டுப் போயிருந்தா? ஒத்துக்கினு இருந்தா? மேடையில வெச்சி சொல்லிட்டா இவ மறுத்துப் பேச மாட்டான்னு கணக்குப் போட்டிருந்தா? எல்லார் முன்னாடியும் குக்கரைக் கையில குடுத்துட்டா அப்புறம் இன்னான்னு சொல்லி வாங்க மாட்டேன்றது?

மோனிஷாவோட நாள் ஞாபகம் வருது. வராதடின்னாலும் வருது. மோனிஷா மாதிரி ஓடறவ இந்த ஏரியாவுலயே பொறக்கல. பந்து அவ கால்ல ஒட்டிக்கினு இருக்கும். டிஸ்ட்ரிக்ட்டு டீம்ல கூப்பிட்டாங்க, அந்த மாசம் பாத்து மாமா பையன்னு வந்து நின்னுட்டானுங்க. இதே எடத்துல பந்தல், இதே மைக் செட்டு. அவ குக்கரைக் கட்டிப் புடிச்சிக்கினு நின்னு அழுதா. ஜனங்க பாரு, ஆனந்தக் கண்ணீருன்னாங்க. நான் எதுவும் பேசாம அவ தோள்ல கையை வெச்சிக்கினு போட்டோவுக்கு நின்னேன். அப்புறம் ஒரு நாள் பெரம்பூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், இடுப்புல புள்ள, கையில காய்கறிப் பை. என்னைப் பாத்ததும் மொதல் வார்த்தை, லெஃப்ட்ல யாருக்கா ஆடறாங்க இப்பன்னா. ஒரு பொண்ணு பேரைச் சொன்னேன். நல்லா ஆடுதான்னு கேட்டா. ஆடுதுன்னேன். பஸ் வந்துடுச்சு, ஏறிட்டா. அந்தப் பொண்ணு நல்லா ஆடலன்னு சொல்லியிருக்கணும்னு இன்னிக்கு வரைக்கும் தோணுது. எனக்கும் அப்டித்தான் ஆவும். திருநின்றவூரோ ஆவடியோ, எங்கயாவது ஒரு கிச்சன்ல நிப்பேன், சாயங்காலம் அஞ்சு மணி ஆவும், குக்கர் விசில் அடிக்கும், கிரவுண்டுல யாரு இருக்காங்கன்னு யோசிப்பேன். யாரும் இருக்க மாட்டாங்க. நான் போன மறு வாரமே கிரிக்கெட்டுக்காரனுங்க ஸ்டம்பை நட்டுடுவானுங்க. டில்லி, தம்பி கொஞ்சம் எடம் விடுங்கப்பான்னு ஒரு வாட்டி சொல்லுவான், அப்புறம் அவனே பேட்டு புடிப்பான். புள்ளைங்க வீட்டுக்குப் போயிடும். நான் அத்தினி டீ குடிச்சது வீணு. எனக்கு அழுகை வருது, கோவமா வருது, ரெண்டும் ஒண்ணா வருது. பல்லைக் கடிச்சிக்கினு சிரிச்சிக்கினு இருக்கேன்.

தாசில்தார் ஒருவழியா மைக்கை விட்டாரு. இப்ப மைக்குக்காரன் ஒயரை சரி பண்றான், கொஞ்ச நேரம் கெடைச்சுது. இதுக்கு மேல தாங்காது. டில்லி பக்கம் சாஞ்சி, ஒதட்டை அசைக்காம, மேஜைக்கு அடியில இன்னாடான்னு கேட்டேன். கிஃப்ட்டுன்னான். குக்கரான்னேன். அவன் திருட்டு முழி முழிப்பான்னு மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கேன், டிரையல் ரூம் வாசல்ல பாக்கற மாதிரி. அவன் முழிக்கல. கண்டுபுடிச்சிட்டியான்னு சிரிக்கிறான். அஞ்சு லிட்டருன்றான், நல்ல கம்பெனின்றான்.

"யாருக்குடா கல்யாணம்?" கேட்டேன்.

"இன்னாது?"

"எனக்குக் கல்யாணம்னு எவன்டா சொன்னான் உனக்கு? எங்கண்ணனா?"

அவன் நெஜமாவே முழிச்சான் அப்ப. "ஏ ஜான்சி, இன்னா ஒளர்ற. விருதுன்னு சொல்லிட்டோம், கையில எதுனா குடுக்கணும்ல. பொண்ணுக்கு வேற இன்னா குடுக்கறதுன்னு தெரியலடி. பாத்திரக்கடையில உன் பேரைச் சொன்னேன், முத்தையாவே ஏணி போட்டு எடுத்துக் குடுத்துட்டாரு."

அவன் பொய் சொல்லல. எனக்குத் தெரியும், ஒண்ணாங்கிளாஸ்லேருந்து பாக்கறேன் அவனை, பொய் சொன்னா காது செவந்துடும். காது சாதாரணமா இருக்குது. போட்டோ எப்டி வந்துச்சின்னு கேட்டேன். தாமுகிட்ட நல்லதா ஒண்ணு குடுன்னேன், அவன் இதான் நல்லா இருக்குதுன்னு குடுத்தான்னான். டீக்கடையில அதான் பேசினீங்களான்னேன். உன்கிட்ட சொல்லாம வெக்கணும்னு இருந்தோம், சர்ப்ரைஸுன்னான். அவ்ளோதான். சதி இல்ல. கூட்டு இல்ல. எவனும் எதுவும் யோசிக்கல. நான் எலெக்‌ஷன்ல நிக்கப் போறது அவனுக்குத் தெரியவே தெரியாது போல, பெனிட்டா யாருகிட்டயும் வாயத் தொறக்கல, அது பாவம் வெறுமனே நகத்தைக் கடிச்சிக்கினு இருக்குது. எங்கம்மா பட்டு கட்டினது எனக்காகத்தான், என்னை மேடையில பாக்கத்தான். எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும் இல்ல? இல்லியே. சதின்னா சண்டை போட்டிருப்பேன். கட்டிப் பொரண்டிருப்பேன். இவனுங்ககிட்ட எப்டி சண்டை போடறது? அத்தினி வருசம் இவனுங்க கூடவே நின்னேன், பொணம் தூக்கற எடத்துலயும் நின்னேன், ரத்தம் குடுக்கற எடத்துலயும் நின்னேன், எனக்கு இன்னா குடுக்கலாம்னு யோசிச்சப்ப மனசுல வேற ஒண்ணு கூட வரல. ஒரு ஷீல்டு கூட வரல. ஒருத்தன் மனசுல கூடவா வரல? அந்தக் கேள்வி எல்லாத்தையும் விட கேவலமா இருக்குது.

பேரைக் கூப்பிட்டுட்டாங்க. எழுந்துக்கறேன். ஊக்கு நல்லா ஒரு குத்து குத்துது. தாசில்தார் துண்டு போத்தறாரு, டில்லி குனிஞ்சி டப்பாவை எடுத்து அவர் கையில குடுக்க, அவரு என் கையில குடுக்கறாரு. கனம். கை தட்டறாங்க, நல்லாத்தான் தட்டறாங்க, ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள வேற ஒரு சத்தம் கெளம்புது. இங்கேருந்தே தெரியுது. வெள்ளித்தாளை எவ்ளோ சுத்தினா இன்னா, எங்க தெரு பொம்பளைங்களுக்கு அந்த டப்பா தெரியாதா? ரெண்டாவது வரிசை வசந்தாக்கா எம்பி எங்கம்மா தோளைத் தட்டி இன்னாவோ கேக்கறாங்க. ஒதட்டைப் பாத்தாலே தெரியுது, மாப்பிள்ளை எந்த ஊருன்னு கேக்கறாங்க. பின்னாடி ரெண்டு பேரு எழுந்து வந்து அம்மா கையப் புடிக்கிறாங்க. எங்கம்மா இல்லன்னு தலையாட்டணும். ஆட்டல. மொதல்ல திகைச்சாங்க, என்னைப் பாத்தாங்க, டப்பாவைப் பாத்தாங்க, அப்புறம் மூஞ்சில இன்னாவோ ஒண்ணு வந்து ஒக்காந்துச்சு, இத்தினி வருசமா நான் பாக்காத ஒரு சந்தோசம். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சிரிச்சிக்கினு இருக்காங்க. கீழ மேடை ஓரமா பெனிட்டா வந்து நிக்குது, கண்ணு கலங்கிக் கெடக்குது. உனக்குக் கல்யாணமாக்கா, சொல்லவே இல்லியேக்கான்னுது. அதுக்குப் பின்னாடி ஜெர்சிங்க எல்லாம் என்னையே பாக்குது. ஒருத்தியும் கை தட்டல. எவனும் சதி பண்ணாமலே காரியம் முடிஞ்சிடுச்சு. இன்னும் ரெண்டு நிமிசம் நான் வாயைத் தொறக்காம நின்னா, நாளைக்குக் காலைல தண்ணி புடிக்கிற எடத்துல எனக்குப் புள்ளையே பொறந்துடும்.

ரெண்டு வார்த்தை பேசு ஜான்சின்னு டில்லி மைக்கைக் கொண்டாந்து என் வாய்கிட்ட நீட்டறான். அவன் கையிலயே வெச்சிக்கினு நீட்டறான். பொண்ணுங்களுக்கு அப்டித்தான் நீட்டுவாங்க, குக்கருக்கு ரெண்டு கையும் வேணும், மைக்கைப் புடிக்க கை ஏது? நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, சொன்னதும் மைக்கு போயிடும். குடுடான்னேன். நான் புடிச்சிக்கறேன், நீ பேசுன்னான். இந்தா இதைப் புடின்னு டப்பாவை அவன் நெஞ்சு மேல வெச்சேன். அவன் பழக்கதோசத்துல ரெண்டு கையாலயும் வாங்கிட்டான், மைக்கு என் கைக்கு வந்துடுச்சு. எழுதி வெச்ச பேச்சு ஒண்ணு இருந்துச்சு, மூத்தோர்களே தாய்மார்களேன்னு, அது எங்க போச்சோ.

"எனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆவல. குக்கரைப் பாத்துட்டு யாரும் தப்பா நெனைக்காதீங்க," சொன்னேன். என் குரலு ஸ்பீக்கர்ல வேற யாருதோ மாதிரி சந்து முனை வரைக்கும் போயி திரும்பி வருது. "வர்ற ஞாயித்துக்கிழமை மன்றத்துக்கு எலெக்‌ஷன். தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன்."

எங்கயோ ஒரு நாற்காலி நகந்துச்சு. அப்புறம் பெனிட்டா ரெண்டு வெரலை வாயில வெச்சி விசிலடிச்சிது, ஜெர்சிங்க எல்லாம் எழுந்துடுச்சு, பின்னாடி யாரோ தட்ட ஆரம்பிச்சாங்க, அது முன்னாடி வருது. நான் ஒவ்வொரு கையா எண்ணிக்கினு இருக்கேன், டிரையல் ரூம் புத்தி போவாது. தாசில்தார் தட்டறாரு, எதுக்குன்னு தெரியாமலே தட்டறாரு. அண்ணன் அம்மாவைப் பாத்துக்கினே மெதுவா தட்டறான். அம்மா தட்டல. அந்தச் சிரிப்பு எறங்கிப் போச்சு, பட்டுப்பொடவை முந்தானையை மடியில இழுத்து விட்டுக்கினு குனிஞ்சிட்டாங்க, அதைப் பாக்க எனக்கு மனசு அறுந்து போவுது, இருந்தாலும் மைக்கைக் கீழ வெக்கல. திரும்பி டில்லியைப் பாத்தேன். அவனும் தட்டல. குக்கரைத் தொப்பை மேல அணைச்சிக்கினு நிக்கிறான். கை காலியா இருந்திருந்தா தட்டியிருப்பானான்னு அவன் மூஞ்சில தேடிப் பாக்கறேன். அவன் என்னைப் பாக்கல, டப்பாவை எங்க வெக்கிறதுன்னு எடம் தேடிக்கினு இருக்கான்.